அந்தக் காசு என்னுடையது, அண்ணா

அண்ணா,

கனடா ஸ்காபரோவில் இருந்து வந்த சம்பந்தம் வேண்டாம். முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி ஆறுதலாக வாசியுங்கள். அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமையே சொல்லியாயிற்று. கொஞ்சம் அழுதா, பிறகு எழும்பிப் போய் தோசைக்கு உழுந்து நனையப்போட்டா. மாப்பிள்ளையில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் வீட்டிலும் இதை யாராவது வாசிக்கக்கூடும் என்பதால் இன்னொரு தரம் எழுதுகிறேன்: ஒரு குறையும் இல்லை.

போனில் கதைத்தால் நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன், கடைசியில் சிக்னலின் மேல் பழியைப் போட்டுவிட்டு இரண்டு பேரும் வைத்துவிடுவோம். எழுதினால் நீங்கள் இடையில் புகுந்து கதைக்க ஏலாது.

"அங்கை இருந்து என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டீர்கள். செய்துகொண்டுதான் இருக்கிறேன். நகைக்கடைப் படங்கள் என்று மட்டும்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் அதற்கு மேல் கேட்டதில்லை. படத்தை 300 வீதம் பெருப்பித்து, கொம்பியூட்டரில் ஓரம் வரைகிற பென் டூலால் ஓரம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டு போய்ப் பின்னணியை வெட்டி எடுக்க வேண்டும். மோதிரம் சுகம். சங்கிலிதான் உயிரை வாங்கும். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு ஓட்டை, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் படம் எடுத்த மேசைத்துணி தெரியும். ஒன்றை விட்டால் போதும், கறுப்புப் பின்னணியில் வைத்ததும் பல்லை இளிக்கும். ஊரிலே தன் மகளின் வயதுப் பெட்டைகள் மோதிரம் போடுகிற காலத்தில், தன் மகள் மட்டும் யார் யாருடையதோ மோதிரங்களை வெட்டிக்கொண்டிருக்கிறாளாம். அம்மாவின் பகிடி. நல்ல பகிடிதான்.

இணையத்தில் சின்னச் சின்ன வேலை எடுத்துச் செய்கிற ஃபைவர் தளத்தில் முதல் வேலைக்கு ஐந்து டொலர். அதில் 20 வீதம் அவர்களுக்கு, மிச்சம் நாலு. அதையும் 14 நாள் கழித்துத்தான் எடுக்கலாம். 2017இல் கச்சேரிக்கு, அதுதான் மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால் மாதக்கணக்காக வேலை கேட்டு இருந்த பட்டதாரிகளைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அந்த நாலு டொலர் பெரிய காசு. ஒருவரையும் கேட்காமல், ஒருவரின் சிபாரிசும் இல்லாமல் வந்த காசு.

அப்புறம் அந்த அவுஸ்திரேலியாக் கடை கிடைத்தது. அவர்கள் இணையத்தால் காசு அனுப்புகிற பேபாலில்தான் தருவோம் என்றார்கள். அப்போது இலங்கையில் இருந்து பேபாலால் காசு கட்டலாம், வாங்க ஏலாது. அதனால்தான் உங்கள் கணக்குக்குப் போட வைத்தேன். அங்கே இருந்து அது எங்கள் வீட்டுக்கு எந்த வழியால் வந்தது என்பதை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்.

2021 சித்திரை வருசத்துக்குக் குசினிக் கூரை மாற்றினோமே, அந்தப் பின்னேரம். புதுக்கூரையைக் காட்ட நான்தான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் காருக்குள் இருந்தீர்கள், வேலைக்குப் போக முதல், கழுத்துவரை இழுத்துவிட்ட ஜக்கெற்றோடு. பெரியப்பா எட்டிப் பார்த்து, "தம்பி பனிக்குள்ளை கிடந்து உழைச்சு அனுப்பி வீட்டை நிமிர்த்திப்போட்டான்" என்றார். ஓட்டுக் காசு, மரக் காசு, மேசன் கூலி எல்லாம் என் சங்கிலிகள். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் திரையைப் பார்த்தேன். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். படம் நின்றுவிட்டது. வாய் பாதி திறந்தபடி, ஒரு கண் பாதி மூடியபடி. அம்மா "ஹலோ ஹலோ" என்கிறா, சின்னவன் போனைத் தட்டுகிறான், நான் கையை உயர்த்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடுகிறேன். திரும்பச் சிக்னல் வந்தபோது பெரியப்பா புண்ணாக்கு விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். நீங்களும் புண்ணாக்குக்குத்தான் பதில் சொன்னீர்கள்.

"இல்லைப் பெரியப்பா, அது தங்கச்சியின்ரை காசு" என்று சொல்லத்தான் வாயெடுத்தீர்களா? அல்லது "ஓம்" என்றா? இவ்வளவு காலமும் நான் கேட்கவில்லை. நீங்களும் பிறகு ஒரு நாளும் திருத்தவில்லை. சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட "தமையன்தான் எல்லாம் பார்க்கிறார்" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள்.

நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். ஒரு பெட்டை இரவிரவாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்து டொலர் உழைக்கிறாள் என்றால் ஊர் என்ன கேட்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் பெயர் எனக்குக் கிடுகுவேலி மாதிரி மறைப்பாக இருந்தது. ஆனபடியால் உங்களை மட்டும் குறை சொல்ல ஏலாது. இதைப் பலர் முன்னால் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எழுதிய விசயத்துக்குக் கேட்கமாட்டேன்.

2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதியைப் பிடித்து வைக்காமல் மிதக்கவிட்டார்கள். 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. அதே சங்கிலி, அதே ஓட்டை, என் கைக்கு வந்த ரூபாய் மட்டும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பக்கத்து வீட்டு மாமி மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற மாதங்கள் அவை. சந்தோசப்படவும் ஏலாது, வேண்டாம் என்று சொல்லவும் ஏலாது. மார்ச் முடிவில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கொஞ்ச நேரத்தில் போன் டவரின் பற்றரியும் இறங்கிவிடும். நெல்லியடியில் ஜெனரேட்டர் ஓடுகிற ஒரு கடையின் பின்னறையில் இருந்து வேலையை அனுப்பினேன். அந்த நேரம் நீங்கள் எடுத்து, "இப்பவாவது விளங்குதோ? வெளிக்கிடு" என்றீர்கள். பயத்தில்தான் சொன்னீர்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

நீங்கள் போன காலத்தில் போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எப்படிப் போனீர்கள் என்பதையும் எழுதவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை அம்மா சோறு தின்னவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன், இதை உங்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். நீங்கள் வாங்கி அனுப்பிய லப்டொப்தான் என் தொழில். அதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. ஒன்றை மறைக்காமல் இருப்பது எப்படி என்று உங்களுக்கும் காட்டலாம் என்றுதான்... சரி, இதை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை.

இது பொன் விளைகிற காணி என்று நான் சொல்லவில்லை. ஏஐ வந்தபிறகு சாதாரணப் படங்களை ஒரு கிளிக்கில் வெட்டிவிடுகிறார்கள். சேட்டு, சப்பாத்து வேலை எல்லாம் போய்விட்டது. சங்கிலி, கண்ணாடி, தலைமயிர் இன்னும் எங்களிடம் வருகிறது, விலையை அடித்து அடித்து. எத்தனை காலம் என்று தெரியாது. திண்ணையில் இரண்டு பிள்ளைகள் இருந்து என்னோடு செய்கிறார்கள். அவர்களுக்கு இப்போது வீடியோ எடிட்டிங் பழகச் சொல்லியிருக்கிறேன், நானும் பழகுகிறேன். இந்த வேலையே போனாலும் இன்னொன்றைத் தேடிப் பிடிக்கிற வழி எனக்குத் தெரியும். கனடாவில் ஒருவரின் வீட்டுக்குள் போய் இருந்துகொண்டு அதை முதலில் இருந்து தொடங்க எனக்கு விருப்பமில்லை.

2025 ஏப்ரலில் இருந்து எங்களைப் போல வெளிநாட்டுக்கு வேலை செய்து காசு எடுப்பவர்களுக்கும் வரி. வருசத்தில் 18 இலட்சம் வரை விலக்கு, அதற்கு மேலே போனால் கூடியது 15 வீதம். எல்லாரும் திட்டினார்கள். நான் வரி இலக்கம் எடுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் காட்டினேன். இலங்கை அரசாங்கமே இதை உழைப்பு என்று ஒத்துக்கொண்டுவிட்டது, அண்ணா. இனி நீங்கள்தான் மிச்சம்.

பெரியப்பாவுக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னால் உங்களை விட்டுக்கொடுத்த மாதிரி இருக்கும். சம்பந்தக்காரருக்கும் நீங்களே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், அது உங்களுக்கு நன்றாக வரும்.

மற்றது, லப்டொப்பின் பற்றரி ஊதிவிட்டது, மூடி சாத்துப்படுகுதில்லை. ஆவணியில் கோயிலுக்கு வரும்போது ஒன்று வாங்கி வாருங்கள், மொடல் இலக்கத்தை வட்ஸ்அப்பில் போடுகிறேன். காசு நான்தான் தருவேன். இங்கே இருந்து அங்கே எப்படி அனுப்புவது என்பதை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.

தங்கச்சி