மூச்சுக்குழாயைப் பற்றிக் கேள், மகள்

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ அனுப்பிய ஸ்கான் ரிப்போர்ட்டைக் கண்ணாடி போட்டு மூன்று தரம் வாசித்தேன். 24 கிழமை. உன் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் கழுத்தின் முன்பக்கத்தில் கட்டி, கொஞ்சம் நீர், கொஞ்சம் திண்மம், உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள். டெரட்டோமாவாக, அதாவது பலவகைத் திசுக்கள் கலந்து வளரும் கட்டியாக, இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நீ போனில் அழுதபோது எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

மாமி கிரகணத்தைப் பற்றிச் சொன்னாவாம். அதை விடு. நீ சாப்பிட்டதாலோ வேலைக்குப் போனதாலோ இது வரவில்லை. கரு உருவாகும்போது சில கலங்கள் இடம் மாறி நின்று வளர்ந்துவிடும், அவ்வளவுதான். குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் புற்றுநோயாக இருப்பதில்லை. கட்டி மூச்சுக்குழாயை எவ்வளவு அமத்துகிறது என்பதுதான் முக்கியம்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1990க்குப் பிறகு கரண்ட் இல்லாத வருடங்களில் நான் ஜாம் போத்தல் விளக்கில் பிரசவம் பார்த்த மருத்துவமாது. ஒருநாள் கழுத்தில் மாங்காய் அளவு வீக்கத்தோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கொடியை வெட்டும்வரை நல்ல நிறமாகவே இருந்தது. வெட்டியதும் மூச்சு எடுக்க ஏலாமல் நீலமாகி, என் கையிலேயே போய்விட்டது. அந்த நிமிடம்வரை தாய்க்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இப்போது அந்தக் கொடியை வெட்டாமல் வைத்தே வைத்தியம் செய்கிறார்கள். எக்ஸிட் என்று பெயர். சிசேரியனில் தலையையும் தோளையும் மட்டும் வெளியே எடுப்பார்கள். கர்ப்பப்பை சுருங்காதபடி உனக்கு ஆழமான மயக்கம் தந்திருப்பார்கள். உன்னிடமிருந்து ஒட்சிசன் போய்க்கொண்டிருக்கும்போதே குழந்தையின் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விடுவார்கள். அது முடியாவிட்டால் கழுத்தில் துளையிட்டு வழி செய்வார்கள். பிறகுதான் கொடியை வெட்டுவது. இதற்குப் பல டொக்டர்மார் முன்கூட்டியே ஆயத்தமாக நிற்க வேண்டும். இப்போதே கண்டுபிடித்ததால்தான் அது முடியும், மகள்.

எம்.ஆர்.ஐக்குப் பயப்படாதே, அதில் கதிர்வீச்சு இல்லை. வயிற்றுக்குள் குழந்தையின் மூச்சுக்குழாயில் நீர் நிறைந்திருக்கும். அதனால் அது எங்கே தள்ளுப்பட்டிருக்கிறது, எங்கே நசிந்திருக்கிறது என்று படத்தில் தெரியும். டொக்டரிடம் அதைக் கேள். கட்டிக்குள் இரத்த ஓட்டம் எப்படி, தலை பின்னால் வளைந்து நிற்கிறதா என்றும் கேள். பெரும்பாலும் கழுத்தின் பக்கத்திலோ பின்னாலோ நீர்ப்பைகளாக, உள்ளே இரத்த ஓட்டம் இல்லாமல் இருப்பது நிணநீர்க் கட்டி. அதற்கு வைத்தியம் வேறு.

இன்னொன்று. குழந்தை பன்னீர்க்குடத்துத் தண்ணீரை விழுங்கிக்கொண்டே இருக்கும். கட்டி உணவுக்குழாயை அமத்தினால் விழுங்க ஏலாது, தண்ணீர் கூடிவிடும், பிரசவ வலி முந்தி வரலாம். வயிறு திடீரென்று இறுகினால் அடுத்த கிளினிக் வரை பொறுக்காதே, உடனே போ. குழந்தை பெறும் இடத்தையும் இப்போதே பேசி முடி. பக்கத்து ஆஸ்பத்திரி என்பதற்காக அங்கே போகாதே, எக்ஸிட் செய்கிற இடமாகப் பார்.

மருமகனையும் கூட்டிக்கொண்டு போ. கேள்விகளைத் தாளில் எழுதி அவர் கையில் கொடு, உனக்குப் பதற்றத்தில் மறந்துவிடும். நான் விசாவுக்குப் போட்டுவிட்டேன். சரக்குத் தூளுக்கு மல்லி வாங்கி வெயிலில் காயப் போட்டிருக்கிறேன்.

அம்மா