தலைவராகியிருக்கும் எங்கள் மயக்க மருத்துவர் அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நம்ம மருத்துவர் சங்கத்துக்கு நீங்கள் தலைவராகத் தேர்வான செய்தி வந்ததிலிருந்து மனசு நிறைந்து கிடக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு பூங்கொத்துப் படம் போட்டு முடிக்கிற சந்தோஷம் இல்லை இது, அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்தப் பொறுப்புக்குப் பெரும்பாலும் சர்ஜன்களும் பெரிய ஆஸ்பத்திரி வைத்திருப்பவர்களும் வந்துதான் நாம் பார்த்திருக்கிறோம். மயக்க மருத்துவர் ஒருவர் வருவது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நோயாளிக்குச் சர்ஜன் பேர் தெரியும், பிரசவம் பார்த்த டாக்டரம்மா பேரைப் பிள்ளைக்கே வைப்பார்கள். முதுகில் ஊசி போட்டு, ஆபரேஷன் முடிகிற வரைக்கும் மூச்சையும் பிரஷரையும் விட்டுக் கண்ணெடுக்காமல் நின்று, நோயாளி தெளிவாகப் பதில் சொன்ன பிறகே கிளம்புகிற உங்களை அவர்கள் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். எங்களுக்குத் தெரியும். ராத்திரி ஒரு மணிக்கு வள்ளியூரிலோ அம்பையிலோ திசையன்விளையிலோ பிரசவம் நகராமல் நின்று சிசேரியன்தான் என்று ஆகிவிட்டால், பாளையங்கோட்டையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர் நீங்கள். எந்த ஆபரேஷன் தியேட்டரில் சளியையும் ரத்தத்தையும் உறிஞ்சி எடுக்கிற சக்ஷன் மெஷின் மக்கர் செய்யும், எங்கே மாற்று ஆக்சிஜன் சிலிண்டர் இருக்காது, எந்த ஊரிலிருந்து ரத்தத்துக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். சின்ன ஆஸ்பத்திரிகளை இவ்வளவு உள்ளே வந்து பார்த்த ஒருவர் இதுவரை தலைவராக இருந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

கொரோனா இரண்டாம் அலை அடித்த 2021 மே மாதத்தை மறக்க முடியுமா? ராக்கெட்டுக்காக மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் வைத்திருந்த திரவ ஆக்சிஜன் ஆஸ்பத்திரிகளுக்கு வந்துகொண்டிருந்த நேரம். "ரத்தத்துல ஆக்சிஜன் சாச்சுரேஷன் 94 வந்தாப் போதும், 100க்கு ஆசைப்பட்டுத் திறந்து விடாதீங்க, அடுத்த ஆளுக்கு வேணும், பாத்துக்கிடுங்க" என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொன்னீர்களே, அப்போதே எங்கள் ஓட்டு விழுந்துவிட்டது.

சரி, இப்போது உரிமையோடு கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

2012 ஜனவரியில் தூத்துக்குடியில் ஒரு பெண் மயக்க மருத்துவரை அவருடைய கிளினிக்கிலேயே வெட்டிக் கொன்றார்கள். மருத்துவர்கள் மீதான தாக்குதலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஒவ்வொரு சம்பவத்துக்கும் கறுப்பு பேட்ஜ் குத்துகிறோம், ஒரு நாள் ஓ.பி.யை மூடுகிறோம், அப்புறம் மறந்துவிடுகிறோம். இது போதாது அக்கா. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எதிர்பாராமல் ஓர் உயிர் போய்விட்டால், பக்கத்து ஊர் மூத்த மருத்துவர் ஒருவர் சங்கத்தின் சார்பில் உடனே அங்கே போய் நிற்க வேண்டும். போலீசோடு பேசுவது ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் அந்தக் குடும்பத்தை உட்கார வைத்து என்ன நடந்தது என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கத்துகிறவர்களில் பாதிப்பேர் யாருமே பதில் சொல்லாததால்தான் கத்துகிறார்கள் என்பது என் எண்ணம். நம்ம பக்கம் தப்பு இருந்தால் அதைச் சங்கம் மூடி மறைக்கவும் கூடாது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனால் நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இன்னொன்று. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் நான்கு ரத வீதியும் வெயிலில் தலையாகத் தெரியும். அந்தக் கூட்டத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால் 108 வண்டி உள்ளே நுழையவே நேரம் பிடிக்கும், மூளையோ ஆக்சிஜன் இல்லாமல் சில நிமிடம்தான் தாங்கும். வடம் பிடிக்கிற இளைஞர்கள், ரத வீதிக் கடைக்காரர்கள், பந்தோபஸ்துக்கு வரும் போலீஸ்காரர்கள் என்று முடிந்த அளவு பேருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தேருக்கு முன்பே கற்றுக்கொடுத்துவிடலாம். நெஞ்சின் நடுவில், ஐந்து செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. பொம்மை வைத்துச் செய்ய வைத்தால் ஒரு மணி நேரத்தில் கை பழகிவிடும், நீங்கள் நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே.

தேதியை மட்டும் குறித்துச் சொல்லுங்கள். வள்ளியூரிலிருந்து எங்கள் நர்சுகளைக் கூட்டிக்கொண்டு நான் வந்துவிடுகிறேன், டவுனில் மண்டபம் பார்க்கிற வேலையும் என்னுடையது.

அன்புடன்,
உங்கள் தம்பி