ஆணிவேர் விட்ட கோபுரம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி அறுவை சிகிச்சைக்குப் பின் கைத்தடி இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. படி ஏறுவதற்கு மட்டும் அவசரப்படாதே.

கட்டப்படாத கட்டடங்களில் எதன்மேல் ஆசை என்று கேட்டிருந்தாய். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் சிகாகோவுக்காக 1956இல் அறிவித்த ஒரு மைல் கோபுரம்தான். அப்போது அவருக்கு வயது 89. 528 மாடி, அலுவலகம், ஹோட்டல், வீடுகள், 15,000 கார் நிறுத்த இடம். அன்று உலகிலேயே உயரமான எம்பயர் ஸ்டேட் 381 மீட்டர். இது 1,609.

படிக்கிற காலத்தில் அதைப் பகல்கனவு என்று நீ ஒதுக்கினாய், நானும் தலையாட்டினேன். இப்போது ஆட்டமாட்டேன். நடுவே ஒரு கான்கிரீட் தண்டு, அதுவே ஆணிவேராகப் பூமிக்குள் இறங்குகிறது. தளங்கள் கிளைபோலத் தண்டிலிருந்து நீள்கின்றன. மேலே போகப்போக ஒடுங்குவதால் காற்று மோதும் பரப்பும் குறைகிறது. இந்த ஆணிவேர் யோசனையை 1920களின் கடைசியிலேயே நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய குடியிருப்புக் கோபுரங்களுக்கு அவர் வரைந்திருந்தார். அதுவும் எழவில்லை. ஆனால் கால் நூற்றாண்டு கழித்து, ஓக்லஹோமாவின் பார்ட்டில்ஸ்வில்லில் 19 மாடி பிரைஸ் டவராக எழுந்தது, வீடும் அலுவலகமும் ஒரே தண்டைப் பற்றிக்கொண்டு! கிடப்பில் போன படம் இப்படி முளைத்ததை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது.

உறுத்துவது லிஃப்ட்தான். எஃகுக் கயிறு ஏறத்தாழ 500 மீட்டரைத் தாண்டினால் அதன் எடையே அதற்குப் பாரம். ரைட் அணுசக்தியில் ஓடும் ஐந்தடுக்கு லிஃப்ட் என்று சொல்லிவிட்டார். அதோடு, மேல்மாடிக்குப் போகும் ஒவ்வொரு லிஃப்டும் கீழ்மாடிகளைத் துளைத்துத்தான் போக வேண்டும். உயரம் கூடக்கூடக் கீழே இடம் கரையும். நடுவழியில் இறங்கி மாறும் லாபிகள் வேண்டும். வீடும் அலுவலகமும் கலந்திருப்பது இங்கேதான் கைகொடுக்கும் என்று நம்புகிறேன்: காலையில் வீட்டுக்காரர்கள் இறங்க, வேலைக்கு வருபவர்கள் ஏற, லிஃப்ட் எந்தப் பக்கமும் காலியாக ஓடாது.

அந்த லாபிகளை எந்தெந்த மாடியில் வைப்பது என்று கோபுரத்தை மேலிருந்து கீழாகப் பிளந்து காட்டும் ஒரு வெட்டுப்படம் வரையத் தொடங்கியிருக்கிறேன். நூறு மாடிக்கு ஒன்று என்று வைத்துப் பார்த்தேன், திருப்தியில்லை. அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன். முன்போலவே சிவப்புப் பென்சிலால் திருத்தி அனுப்பு.

என்றும் அன்புடன்,
உன் பழைய மேசைத் தோழன்