குழியை மட்டும் மூடிவிட்டுப் போகாதவர்களுக்கு

அன்புள்ள சாலைப் பராமரிப்புப் பிரிவு நண்பர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் இருந்து உங்கள் அலுவலகத்துக்கு வந்த கடிதங்கள் எல்லாம் "ஐயா, வளைவில் பெரிய குழி" என்றுதான் ஆரம்பித்திருக்கும். இதுவும் அந்தக் குழியைப் பற்றியதுதான். ஆனால் இந்த முறை நன்றி சொல்வதற்காக. தெருக்காரர்கள் எல்லோரும் பேசி, எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்தக் குழியை மூட உங்களுக்கு முன்பும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். வந்த வேகத்தில் நாலு சட்டி கலவையைக் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் தட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். தேங்கிய தண்ணீரை வெளியேற்றாமல் அதன் மேலேயே கொட்டியதும் உண்டு. ஒரு நல்ல மழை பெய்தால் போதும், ஜல்லி தனி, தார் தனி. அந்த ஜல்லி பைக்கில் வருகிறவர்களைச் சறுக்கிவிடும். குழி குழியாகவே இருந்தபோதாவது ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

நீங்கள் வந்த அன்று வண்டியில் கலவையே இல்லை. மண்வெட்டியும் கடப்பாரையும்தான் இறங்கின. இவர்களும் சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று எதிர்வீட்டில் முணுமுணுத்தார்கள். உங்கள் மேற்பார்வையாளர் குழிப் பக்கமே போகவில்லை. சாலை ஓரத்தை மட்டும் பார்த்தபடி வளைவு முடியும்வரை நடந்துவிட்டு வந்து, "தண்ணி போக வழியே இல்லைங்க. இதை விட்டுட்டு குழியை மூடி என்ன பண்றது" என்றார்.

அவர் காட்டிய பிறகுதான் எங்களுக்கும் தெரிந்தது. தார்ச் சாலையை நடுவில் சற்று உயர்த்தி, மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் என்ற அளவில் ஓரத்துக்குச் சரித்துப் போடுவது மழைநீர் வழிந்து ஓடுவதற்காகத்தான். எங்கள் வளைவில் அந்தச் சரிவு ஒழுங்காகவே இருந்தது. ஆனால் ஓரத்து மண், புல்லும் குப்பையும் சேர்ந்து, தாரின் விளிம்பைவிட உயர்ந்து வரப்பு மாதிரி நின்றது. சாலையில் இருந்து இறங்கிய தண்ணீர் அங்கே முட்டி நின்று, விரிசல் வழியாக அடிமண்ணுக்குப் போய்விட்டது. ஊறிய மண்ணின் மேல் வண்டி ஏறினால் மேலே இருக்கும் தார் வளைந்து உடைகிறது. மெக்காடம் ரோடு என்கிறோமே, அந்த ஸ்காட்லாந்துக்காரர் மெக்காடம், பாரத்தைத் தாங்குவது அடிமண்தான், அதை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று இருநூறு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். எங்கள் வளைவில் அதைக் கேட்க ஆள் வருவதற்குத்தான் இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

மண் ஓரத்தை நீளத்துக்கும் வெட்டிச் சரித்தீர்கள். அப்புறம் சாலைக்கு அடியில் போகும் குழாய் மதகில் கைவைத்தீர்கள். உள்ளே இருந்து வந்தவற்றை எங்கள் தெருவில் யாரும் சீக்கிரம் மறக்க மாட்டார்கள். சிமெண்ட் சாக்கு, கிழிந்த தார்ப்பாய், கைப்பிடி இல்லாத வாளி, கட்டட இடிபாடு, ஒற்றைச் செருப்புகள். இடுப்பளவு சேற்றில் நின்று அதையெல்லாம் இழுத்துப் போட்ட இரண்டு பேருக்கு முதல் நன்றி. அந்த இடிபாடு எந்த வீட்டு வேலையில் மிஞ்சியது என்று தெருவுக்கே தெரியும். இருந்தும் நீங்கள் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொல்லியிருப்பேன்.

இவ்வளவும் முடிந்து, அடுத்த முறை வந்தபோதுதான் குழிக்கு வந்தீர்கள். அதன் கோணல்மாணலான விளிம்பை நல்ல கெட்டித் தார் தென்படும்வரை சதுரமாக, நேர்க்குத்தாக வெட்டினீர்கள். உடைந்ததையெல்லாம் அள்ளிவிட்டு, துடைப்பத்தால் பெருக்கி, தூசியைக் காற்றடித்து ஊதி, பிறகு பசைத்தார் தெளித்தீர்கள். தெளித்தபோது அது பழுப்பு நிறம். கலவை வண்டி வந்து நின்றுகொண்டிருக்கிறது, பின்னால் வாகனங்கள் ஹாரன் அடிக்கின்றன, ஆனாலும் அந்தப் பழுப்பு கறுப்பாகும்வரை நீங்கள் அசையவில்லை. அதில் இருக்கிற தண்ணீர் பிரிந்து தார் மட்டும் மிஞ்சினால்தான் கறுக்குமாம். அதற்குமுன் கலவையைக் கொட்டினால் பழையதும் புதியதும் ஒட்டாது.

ஆனால் கலவை விழுந்ததும் உங்கள் நிதானமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை! சுமார் 150 டிகிரி செல்சியஸில் கலந்து வருகிற சரக்கு அது. 90 டிகிரிக்கும் கீழே ஆறிவிட்டால் ரோலர் எத்தனை தடவை உருண்டாலும் பெரிதாக இறுகாது. அதனால் சமன் செய்கிறவரும் ரோலர் ஓட்டுநரும் பேசிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் வேலை பார்த்தார்கள். ரோலர் ஓரத்தில் ஆரம்பித்து நடுவை நோக்கி வந்தது, உருளையில் கலவை ஒட்டாதபடி தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. சூடான கலவைக்குப் பக்கத்தில், வெயிலில், காலுக்குக் கனத்த பூட்ஸோடு நிற்பது எப்படி இருக்கும் என்று வேலியோரம் நின்று பார்த்த எங்களுக்கே புரிந்தது.

கொடி பிடித்து வண்டிகளை நிறுத்திய அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. அவரிடம் கத்தாத ஓட்டுநர் குறைவு. அவர் பதிலுக்குக் கத்தவில்லை, வழியும் விடவில்லை. போன் எடுத்துப் புகாரைக் குறித்துக்கொண்ட அலுவலக ஊழியருக்கும் நன்றி. "குழி எவ்வளவு பெரியது?" என்பதோடு விடாமல், "மழை நின்ற பிறகும் அதில் தண்ணீர் நிற்கிறதா?" என்று கேட்டார். பாதி வைத்தியம் அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

கனரக லாரிகளைப் பற்றி நாங்கள் கேட்டதற்கு உங்கள் பொறியாளர் பொறுமையாகப் பதில் சொன்னார். அமெரிக்காவின் இல்லினாய்ஸில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிச் சாலைகளைச் சோதித்திருக்கிறார்கள். அதில் இருந்து வந்த கணக்குப்படி, ஓர் அச்சின் மேல் உள்ள பாரம் இரண்டு மடங்கானால் சேதம் சுமார் பதினாறு மடங்கு. அதனால் ஸ்கூட்டர்களும் கார்களும் எத்தனை ஓடினாலும் சாலைக்குப் பெரிய சேதம் இல்லை, பாரம் ஏற்றிய சில லாரிகள் போதும் என்றார். வீடு கட்டுகிறவர்கள் லோடு இறக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறேன். இதுவரை ஒரே ஒரு கட்டைவிரல்தான் வந்திருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு பெருமழை வந்துவிட்டது. தண்ணீர் ஓரத்தில் இறங்கி, மதகு வழியாகச் சத்தத்தோடு மறுபக்கம் போகிறது. ஒட்டுப் போட்ட இடம் அப்படியே இருக்கிறது.

சரி, எழுத ஆரம்பித்தது ஆரம்பித்தாகிவிட்டது, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தெருவின் கிழக்கு முனையில் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய இடம் மெல்ல இறங்குகிறது. மண்ணை அடுக்கடுக்காக இறுக்காமல் ஒரேயடியாகத் தள்ளி மூடியிருப்பார்கள் போல. அடுத்த பட்டியலில் சேர்த்திருப்பதாக மேற்பார்வையாளர் சொன்னார். எப்போது வருகிறீர்கள் என்று முந்தின நாள் சொல்லிவிட்டால் போதும், அங்கே நிற்கிற வண்டிகளை எல்லாம் காலையிலேயே எடுத்து வைத்துவிடுகிறோம்.

அன்புடனும் நன்றியுடனும்,
வளைவுத் தெருக்காரர்கள் சார்பில்