அடுப்பைத் துடைக்கும் கை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப நகைச்சுவைப் படங்கள் வீட்டின் அன்றாடக் களேபரத்திலிருந்து வெகுவாக விலகிவிட்டன என்பது என் வருத்தம். 1967-இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘பாமா விஜயம்’ படத்தில், அடுத்த வீட்டுக்கு ஒரு நடிகை குடிவந்ததும் மூன்று மருமகள்களும் பகட்டுக்காகக் கடன்படுவார்கள். அதில் சிரிப்பு வரவு செலவுக் கணக்கிலிருந்தே பிறந்தது. 1986-இல் வந்த விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில், பணத்தகராறில் தந்தையும் மகனும் பிரிய, வீட்டின் நடுவே கோடு கிழிக்கப்படும். திரையரங்கில் அந்தக் காட்சியின்போது என் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது இன்றும் என் நினைவில் இருக்கிறது.

இன்று வரும் பல படங்களிலோ, நடுத்தரக் குடும்பம் என்று சொல்லப்படும் வீட்டின் சமையலறையில்கூட எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதில்லை. குக்கர் மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கையில் கேஸ் தீர்ந்துபோவதும், வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும்போது காணாமற்போன ஒற்றைக் காலுறையைக் கட்டிலுக்கடியில் குனிந்து தேடுவதும், அதற்குள் மோட்டாரை நிறுத்த மறந்து மாடித் தொட்டி நிரம்பி வழிவதும் எங்கள் வீட்டில் ஒரே காலையில் நடந்திருக்கின்றன. இவற்றை எப்போதாவது திரையில் காட்டினாலும், பால் பொங்கி வழிந்ததும் எல்லோரும் சிரிக்க, காட்சி மாறிவிடுகிறது. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தோடு அந்த அடுப்பைத் துடைக்கும் பெண்ணையும் இயக்குநர்கள் ஒரு நிமிடம் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.