சக்கையை எறியாதீர்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். செரிமானத்துக்குப் பச்சைக் காய்கறிச் சாறு நல்லது என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையில் ஒரு குறிப்பு உறுத்தியது. மெல்லிய துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்கிறது அது. மலச்சிக்கல் தீரச் சாறு குடிப்பவருக்கு வேண்டியதே அந்தத் துணியில் தங்கிவிடும் சக்கைதான்! நார்ச்சத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடுகிறது.

ஆகவே ஜூஸரைவிட மிக்ஸியே மேல். ஒருவருக்கு அரை வெள்ளரிக்காய், ஒரு கைப்பிடி கீரை, அரை அங்குல இஞ்சி, 100 மில்லி தண்ணீர் போதும். கீரையை இலை இலையாக ஓடும் நீரில் அலசுங்கள். பச்சையாகக் குடிப்பதால் மண்ணோடு கிருமியும் வயிற்றுக்குள் போகும். முதலில் கீரையையும் தண்ணீரையும் அரைத்துவிட்டு, பிறகு வெள்ளரியைப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் இலை பிளேடில் சிக்காமல் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். விட்டுவிட்டு ஓட்டினால் ஜார் சூடாகாது. எலுமிச்சையைக் குடிக்கும்போது பிழிந்தால் போதும். முன்பே பிழிந்து வைத்தால் புளிப்பு பட்டுப் பச்சையத்திலுள்ள மக்னீசியம் விலகி, சாறு மெல்ல மங்கிப் பழுப்பேறும்.

வெள்ளரியின் காம்புப் பக்கம் ஒரு சீவல் நறுக்கி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிடசின் என்ற நச்சு, வேகவைத்தாலும் போகாது. இதே நச்சால் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரிழந்தவர்களே உண்டு. கசப்பு உடம்புக்கு நல்லது என்ற பேச்சை இங்கே நம்பவே கூடாது.

கட்டுரை விட்டுவிட்ட இன்னொன்று, யார் குடிக்கக் கூடாது என்பது. பாலக் கீரையில் சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் மிகுதி. சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தச் சாற்றால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் திடீரென்று தினமும் கீரைச்சாறு குடிக்க ஆரம்பித்தால், கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

மற்றவர்களும் முதல் வாரம் அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பழக்கமில்லாத வயிற்றில் நார்ச்சத்து திடீரென்று கூடினால் வாயு சேர்ந்து உப்பும். சாறு ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் கைவிடுவது பெரும்பாலும் இதனால்தான். பச்சை முட்டைக்கோஸ் சேர்த்தால் இன்னும் மோசம்.

வடிகட்டும் குறிப்பை அடுத்த இதழிலேயே திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்