சோழர் கால நாவலுக்குள் புது ஆறு ஓடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் புத்தகப் பக்கத்தில் சோழர் காலக் கதைகளுக்கும் மாயப் புனைவு நாவல்களுக்கும் அடிக்கடி மதிப்புரை வருகிறது. ‘விறுவிறுப்பு குறையவில்லை’ என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கதை நடக்கும் ஊரும் பருவமும் சரியாக வந்திருக்கின்றனவா என்று யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. அண்மையில் வந்த பல நாவல்களைப் படித்த காவிரி டெல்டா வாசகன் என்ற முறையில் சொல்கிறேன்: கற்பனைக்குப் பஞ்சமில்லை, ஆறும் வயலும்தான் தப்பாக இருக்கின்றன.

தஞ்சாவூரையே எடுத்துக்கொள்வோம். ஒரு நாவலில் பெரிய கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றில் குதித்து ஒற்றன் தப்பிக்கிறான். அங்கே ஓடுவது கல்லணைக் கால்வாய், நாம் புது ஆறு என்று சொல்வது. மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1930-களில் வெட்டப்பட்டது. ஒற்றன் தண்ணீரில்தான் இறங்க வேண்டுமென்றால் வடக்கே வெண்ணாறு வரை ஓடட்டும். அடுத்து, மாமன்னர் பெரிய நந்தியை வலம் வருகிறார். அந்த நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. முருகன் சன்னதியும் அப்படியே. அம்மன் சன்னதி 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. ராஜராஜன் நடந்த கோயிலைக் காட்ட கேரளாந்தகன் வாயிலும் ராஜராஜன் வாயிலும் திருச்சுற்று மாளிகையும் போதுமே! அவருடைய 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள் விமானத்துக்குச் செப்புக் கலசம் கொடுத்ததைக் கல்வெட்டே சொல்கிறது. 1010-ஆம் ஆண்டின் அந்த ஒரு நாளை வைத்தே பத்து அத்தியாயம் எழுதலாம். அதை விட்டுவிட்டு, விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கட்டுக்கதையை ஒரு பாத்திரத்தின் வாயில் போடுகிறார்கள். நிழல் விழுகிறது, காலையிலோ மாலையிலோ போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆறும் பருவமும் இன்னும் மோசம். மேட்டூர் அணை 1934-இல்தான் வந்தது. அதற்கு முன் குடகில் மழை இறங்கி, ஆடியில் வெள்ளம் வந்தால்தான் இங்கே ஏர் பூட்ட முடியும். பங்குனி, சித்திரையில் காவிரி வெறும் மணல். மனிதன் நடந்தே கடப்பான், குதிரைக்குக் குளம்பு புதையும். வெள்ளக் காலத்துக் கொள்ளிடமோ சில இடங்களில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலம். அதை ஒரே பாய்ச்சலில் தாண்டும் கதாநாயகனை யார் நம்புவது? ஓடத்துறையில் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் பதற்றமே இருக்கிறது.

சம்பா வயல் நடவு முதல் தை அறுவடைக்குச் சற்று முன்வரை சேறும் தண்ணீருமாகக் கிடக்கும். ஐப்பசி இரவில் நூறு குதிரைகள் வயல் நடுவே சீறிப் பாய்வதாக எழுதினால், முதல் வாய்க்காலிலேயே கால் முறிந்து விழும். படை போனால் ஆற்றங்கரை மேல்தான் போகும், அதுவும் ஒடுங்கிய வரிசையில். எதிரி கரையில் ஓரிடத்தில் உடைப்பு வெட்டிவிட்டால் முன்னால் போனவர்கள் தனி, பின்னால் வந்தவர்கள் தனி. டெல்டாவுக்கே உரிய இந்தப் போர்முறையை ஒரு நாவலும் பயன்படுத்தக் காணோம். வேகத்தையும் பாருங்கள்: முழுப் பாய்ச்சலில் குதிரை நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் தாங்காது. நடையும் ஓட்டமுமாக ஒரு நாளைக்கு 50, 60 கிலோமீட்டர் போனால் அதிகம். தஞ்சையிலிருந்து காஞ்சிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். ஐந்து நாளாவது ஆகும். ஆறுகளில் வெள்ளமிருந்தால் இன்னும் கூடும். நாவலில் மாலையில் புறப்பட்டவன் விடியலில் காஞ்சியில் நிற்கிறான்.

சமையற்கட்டில் மிளகாயும் தக்காளியும் வேண்டாம். இரண்டும் போர்த்துகீசியர் வந்த பிறகு வந்தவை. மிளகு, சீரகம், கடுகு, புளி எல்லாம் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கின்றன. இளவரசி உட்காரும் குளக்கரையில் வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் பூத்திருக்கக் கூடாது. இரண்டும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை.

அளவுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். போரில் வென்ற வீரனுக்கு ‘ஆயிரம் வேலி’ நிலம் பரிசு கொடுக்கிறார்கள். வேலிக்கு 20 மா, இன்றைய கணக்கில் மூன்று மா ஓர் ஏக்கர். ஆக 6,600 ஏக்கருக்கு மேல். பல ஊர்களைச் சேர்த்து எழுதிக் கொடுத்தது போலாகும். நில அளவில் முந்திரிகை என்ற 320-இல் ஒரு பங்கையும், அதற்கும் கீழே உள்ள பின்னங்களையும் கணக்கில் எழுதிய ஆட்சி அது.

ஆதாரம் கற்பனையின் கையைக் கட்டிவிடும் என்பார்கள். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டைப் பாருங்கள். ராஜராஜனின் அண்ணனான இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்கிறது, அவர்கள் உறவினரின் நிலம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. எழுத்தாளர் நுழைய வேண்டிய வாசல் அது. பெயர்களை மாற்றிப் புதுக் கொலையாளியைக் கொண்டுவருவது தேவையற்ற வேலை.

மாயப் புனைவு எழுதுவோர் ‘மந்திரம்தானே, எதுவும் நடக்கலாம்’ என்று நினைக்கிறார்கள். இந்த மண்ணின் பழைய மாயக் கதையான மணிமேகலைக் காப்பியம் அப்படி நினைக்கவில்லை. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரம் கோமுகிப் பொய்கையிலிருந்து வெளிப்படுவது வைகாசி விசாக நாளில்தான். கிடைத்ததும் சோறு சுரந்துவிடாது. முதல் பிச்சையைக் கற்புடைய ஆதிரை இட வேண்டும். காயசண்டிகை என்னும், வானில் பறக்கும் வித்தியாதரப் பெண் ஒரு முனிவருக்குரிய நாவற்கனியைச் சிதைத்ததால் 12 ஆண்டு யானைத்தீ என்னும் பசியால் வாடுகிறாள். பசி தீர்ந்து பறந்து போகும்போது விந்தமலைக்கு மேலே போகக் கூடாது என்ற விதியை மறக்கிறாள், அம்மலையின் காவல் தெய்வத்தால் விழுங்கப்படுகிறாள். அவள் திரும்பாததால் தேடி வரும் கணவன், மந்திரத்தால் அவள் உருவெடுத்திருந்த கதாநாயகி மணிமேகலையைத் தன் மனைவி என்று எண்ணி, அவளைப் பின்தொடர்ந்த சோழ இளவரசன் உதயகுமரனை வெட்டுகிறான். ஒவ்வொரு மந்திரத்துக்கும் நாள், நிபந்தனை, விலை இருப்பதால் ஒரு முடிச்சு அடுத்த முடிச்சைப் போடுகிறது. இன்றைய நாவல்களில் கதாநாயகன் சிக்கும்போதெல்லாம் ஒரு புதுச் சக்தி முளைக்கிறது. முன்னூறாம் பக்கத்தில் எந்த ஆபத்தும் ஆபத்தாகத் தெரிவதில்லை.

எனவே உங்கள் மதிப்புரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: கதை எந்த ஆண்டில், எந்த மாதத்தில், எந்த ஆற்றங்கரையில் நடக்கிறது என்பதையும், அது பொருந்துகிறதா என்பதையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பதிப்பாளர்களும் மேட்டூருக்கு முந்திய ஆறுகளை மட்டும் காட்டும் ஒரு வரைபடத்தை நூலின் முன்னே சேர்க்கலாம். தஞ்சைக் கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகியே இருக்கின்றன.

இப்படிக்கு,
வாசகர்,
கும்பகோணம்